அல்ஜப்ர் வல்முகாபலா: நம் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு பக்தாத் நூல்

'அல்ஜீப்ரா' அரபுச் சொல் என்பதை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். மீலாது மலர்களிலும் படித்திருக்கிறோம். அந்தச் சொல்லை உலகுக்குத் தந்த நூலுக்குள் என்ன கணக்கு இருக்கிறது என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் பத்தாம் வகுப்பு படிக்கும் நம் பிள்ளைகள், கணக்குப் புத்தகத்தின் 'இயற்கணிதம்' பாடத்தில் இருபடிச் சமன்பாடு என்று படிப்பது பெரும்பாலும் அந்த நூலின் முதற்பகுதியில் உள்ள விஷயமே.

அந்தப் பாடத்தைக் கண்டுதான் பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தோல் தொழில் நடக்கும் நம் பகுதியில், கணக்கில் 35 மதிப்பெண் எடுக்க முடியாத பையனுக்கு ஒரு டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ உடனே ஏதாவது வேலை கிடைத்துவிடும். கையில் கூலி வரத் தொடங்கியதும் துணைத்தேர்வு மறந்து போவதுண்டு. தவறிய பெண் பிள்ளையின் படிப்பு வீட்டோடு நின்று போவதும் உண்டு. எனவே இது பெருமை பேசுவதற்கு மட்டும் உரிய விஷயமன்று. அந்த நூல் சொல்லும் முறையை நாமும் விளங்கி, பிள்ளைகளுக்கும் விளக்க முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆசிரியரும்

முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ அவர்கள் அப்பாஸியக் கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் பணியாற்றிய அறிஞர். மஃமூனின் ஆட்சி ஹிஜ்ரி 198 முதல் 218 வரை, அதாவது கி.பி. 813 முதல் 833 வரை நடந்தது. அந்தக் காலத்தில் அவர் எழுதிய நூல் 'அல்கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ரி வல்முகாபலா'. ஜப்ர், முகாபலா என்ற இரண்டு செயல்களைக் கொண்டு கணக்கிடுவது பற்றிய சுருக்க நூல் என்பது இதன் பொருள்.

நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை முன்னுரையிலேயே அவர் சொல்லிவிடுகிறார். வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்கை எளிமையாகத் தருவதே அவருடைய நோக்கம். நூலின் ஒரு பகுதி சமன்பாடுகள் பற்றியது, ஒரு பகுதி நில அளவு பற்றியது, மிக நீண்ட பகுதி வஸிய்யத்தும் வாரிசுரிமையும் பற்றியது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. இன்றைய பாடநூலில் உள்ளதுபோன்ற குறியீடு எதுவும் அந்த நூலில் கிடையாது. கூட்டல் குறியும் சமக் குறியும் இல்லை. எண்களைக்கூட அவர் சொற்களாலேயே எழுதினார். தெரியாத அளவை 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்றார். அதன் வர்க்கத்தை 'மால்', அதாவது செல்வம் என்றார். வர்க்கத்துக்கு அடிப்படையான எண்ணை 'ஜித்ர்', அதாவது வேர் என்றார். தமிழ்ப் பாடநூல் சமன்பாட்டின் விடையை 'மூலம்' என்கிறது. மூலம் என்றாலும் வேர்தான். ஜகாத் சட்டத்தில் 'மால்' என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நமக்கு இவை அந்நியமானவை அல்ல.

இக்கட்டுரையில் பாடநூலின் எக்ஸ் என்ற எழுத்துக்குப் பதிலாக, பொருள் என்பதன் முதலெழுத்தான 'ப' வைத்துக்கொள்வோம். ப² என்றால் ப-வை ப-வாலேயே பெருக்கியது.

ஜப்ர் எது, முகாபலா எது

அரபியில் 'ஜப்ர்' என்பதற்கு உடைந்ததைச் சேர்த்துக் கட்டுதல், குறையை ஈடு செய்தல் என்ற பொருள் உண்டு. முறிந்த எலும்பைக் கட்டுவதற்கும் இதே சொல்தான். இரு ஸஜ்தாக்களுக்கு இடையிலான இருப்பில் ஓதும் துஆவில் 'வஜ்புர்னீ' என்று கேட்கிறோம். என் குறைகளைச் சீர்செய்வாயாக என்று ரப்பிடம் வேண்டும் அந்தச் சொல்லின் வேரும் இதுவே.

கணக்கில் ஜப்ர் என்பது, ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டு நிற்கும் உறுப்பை அதே அளவு கூட்டி ஈடுசெய்வது. ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கமும் அதே அளவைக் கூட்ட வேண்டும். 'பக்கம் மாற்றினால் குறி மாறும்' என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் விதியின் உண்மையான காரணம் இது. எண் எதுவும் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போவதில்லை. இரண்டு தட்டிலும் ஒரே எடை வைக்கிறோம், அவ்வளவுதான்.

'முகாபலா' என்றால் நேருக்கு நேர் நிறுத்துதல். உர்தூ பேசும் வீடுகளில் போட்டிக்கு 'முகாப்லா' என்பார்களே, அதே சொல். கணக்கில் இது இரு பக்கமும் இருக்கும் ஒரே இன உறுப்புகளை எதிரெதிரே வைத்து, சமமான அளவை இரண்டிலிருந்தும் நீக்குவது.

ஒரே கணக்கில் இரண்டு செயலும்

அல்குவாரிஸ்மீ தரும் கணக்கொன்றைப் பார்ப்போம். 10 என்ற எண்ணை இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும். இரு பங்குகளின் வர்க்கங்களையும் கூட்டினால் 58 வர வேண்டும்.

ஒரு பங்கு ப என்றால் மற்றது 10 − ப. அவற்றின் வர்க்கங்கள் ப² மற்றும் 100 − 20ப + ப². இரண்டையும் கூட்டினால்:

100 − 20ப + 2ப² = 58

இடப்பக்கம் 20ப குறைந்து நிற்கிறது. இரு பக்கமும் 20ப கூட்டுகிறோம். இது ஜப்ர்:

100 + 2ப² = 58 + 20ப

எல்லாவற்றையும் பாதியாக்குகிறோம்:

50 + ப² = 29 + 10ப

இரு பக்கமும் வெறும் எண்கள் உள்ளன. எதிரெதிரே நிறுத்தி இரண்டிலும் 29 நீக்குகிறோம். இது முகாபலா:

21 + ப² = 10ப

இதற்கு விடை 3 அல்லது 7. அந்த விடை எப்படி வருகிறது என்பதைக் கீழே பார்ப்போம். சரிபார்த்தால் 3-இன் வர்க்கம் 9, 7-இன் வர்க்கம் 49, கூட்டினால் 58.

இந்த வரிகளைப் பிள்ளையோடு அமர்ந்து ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இரு பக்கமும் என்ன செய்தோம்' என்று எழுதச் சொல்லுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

ஆறு வகைகள்

எந்தக் கணக்கானாலும் ஜப்ரும் முகாபலாவும் செய்து முடித்தால், அது ஆறு வகைகளில் ஒன்றாக வந்து நிற்கும் என்று அல்குவாரிஸ்மீ வகுத்தார்.

1. வர்க்கங்கள் வேர்களுக்குச் சமம்
2. வர்க்கங்கள் எண்ணுக்குச் சமம்
3. வேர்கள் எண்ணுக்குச் சமம்
4. வர்க்கங்களும் வேர்களும் சேர்ந்து எண்ணுக்குச் சமம்
5. வர்க்கங்களும் எண்ணும் சேர்ந்து வேர்களுக்குச் சமம்
6. வேர்களும் எண்ணும் சேர்ந்து வர்க்கங்களுக்குச் சமம்

இன்று நாம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் பூஜ்ஜியம் வைத்து ஒரே வடிவத்தில் எழுதுகிறோம். அவர் குறை எண்களைச் சமன்பாட்டில் தனியே நிற்க விடவில்லை. அதனால்தான் ஆறு வகை தேவைப்பட்டது. கணக்குகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துக் காட்டியதோடு நில்லாமல், இந்த இனத்தில் வரக்கூடிய எல்லாக் கணக்கையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது அவருடைய பெரிய பணி.

சதுரத்தை நிறைவு செய்தல்

நான்காம் வகைக்கு அவர் தரும் உதாரணம் மிகப் புகழ் பெற்றது. ஒரு வர்க்கமும் பத்து வேர்களும் சேர்ந்து 39. அதாவது:

ப² + 10ப = 39

இதைப் பள்ளிவாசல் விரிப்பாக வைத்துப் பார்ப்போம். ஸஃப்பில் விரிக்கும் ஒரு பாயின் நீளம் அகலத்தைவிட 10 அடி அதிகம். பரப்பு 39 சதுர அடி. அகலம் எவ்வளவு? அகலம் ப என்றால் நீளம் ப + 10. இரண்டையும் பெருக்கினால் மேலே உள்ள அதே சமன்பாடு.

அல்குவாரிஸ்மீ சொல்லும் வழி: வேர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கு, 5. அதை அதனாலேயே பெருக்கு, 25. அதை 39-உடன் கூட்டு, 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து அந்தப் பாதியைக் கழி, 3. பாயின் அகலம் 3 அடி, நீளம் 13 அடி. மூன்றும் பதின்மூன்றும் பெருக்கினால் 39.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதற்கு அவர் படம் வரைந்து நிரூபணம் தருகிறார். அதை வீட்டில் அட்டையில் வெட்டிக் காட்டலாம். ஷூ கம்பெனியில் மிஞ்சும் தோல் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. 3 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் வெட்டுங்கள். இதுதான் ப². அடுத்து 5 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள். இவைதான் 5ப, 5ப, சேர்த்தால் 10ப. சதுரத்தின் வலப்பக்கம் ஒரு பட்டையையும் கீழே ஒரு பட்டையையும் பொருத்துங்கள். மூன்று துண்டுகளின் பரப்பு 9 + 15 + 15 = 39. இப்போது ஒரு மூலை மட்டும் காலியாக இருக்கும். அந்த மூலைக்கு 5 செ.மீ. பக்கமுள்ள சதுரம், அதாவது 25, தேவை. அதை வைத்ததும் முழுமையான பெரிய சதுரம் கிடைக்கும். பரப்பு 64, பக்கம் 8. அதில் 5 போனால் மீதி 3.

பாடநூலில் 'வர்க்கப் பூர்த்தி முறை' என்று வருவது இந்த மூலைத் துண்டுதான். 'பாதியாக்கி வர்க்கம் செய்து இரு பக்கமும் கூட்டு' என்ற விதி ஏன் வந்தது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளை அதை மறப்பது கடினம்.

இதே கணக்கைப் பாடநூலின் மற்ற இரண்டு முறைகளிலும் செய்யலாம். காரணிப்படுத்தும் முறையில் ப² + 10ப − 39 = 0 என்று மாற்றி எழுதி, பெருக்கினால் −39, கூட்டினால் 10 வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். அவை 13, −3. ஆகவே (ப + 13)(ப − 3) = 0.

சூத்திர முறையில் சமன்பாட்டை அப² + இப + உ = 0 என்று எழுதினால்:

ப = (−இ ± √(இ² − 4 × அ × உ)) ÷ (2 × அ)

இங்கே அ = 1, இ = 10, உ = −39. வர்க்கமூலக் குறிக்குள் 100 + 156 = 256. அதன் மூலம் 16. எனவே ப = 6 ÷ 2 = 3, அல்லது ப = −26 ÷ 2 = −13. இந்தச் சூத்திரம் தனியாக முளைத்த ஒன்றன்று. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து, அதே மூலைத் துண்டை நிரப்பினால் கிடைப்பதே அது.

−13 என்ற விடையை அல்குவாரிஸ்மீ எழுதவில்லை. அவருக்கு வேர் என்பது ஒரு நீளம், ஒரு தொகை. இன்றைய தேர்வில் 'சமன்பாட்டைத் தீர்க்க' என்று கேட்டால் 3, −13 இரண்டையும் எழுத வேண்டும். பாயின் அகலம் கேட்டால், 'அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது' என்று ஒரு வரி எழுதி 3 அடி என முடிக்க வேண்டும்.

விடை உண்டா, இல்லையா

மேலே விட்டுவைத்த ப² + 21 = 10ப என்ற கணக்கு ஐந்தாம் வகை. பாதி 5, அதன் வர்க்கம் 25, அதிலிருந்து 21 கழித்தால் 4, அதன் மூலம் 2. 5-இலிருந்து 2 கழித்தால் 3, கூட்டினால் 7. இங்கே இரண்டு விடையும் பொருந்தும்.

இந்த இடத்தில் அவர் ஓர் எச்சரிக்கை தருகிறார். பாதியின் வர்க்கம் கொடுத்த எண்ணைவிடச் சிறியதானால் கணக்குக்கு விடையே இல்லை. சமமாக இருந்தால் அந்தப் பாதியே விடை. பாடநூலில் 'தன்மைகாட்டி' என்ற பெயரில், பூஜ்ஜியத்தைவிடப் பெரிது, சமம், சிறிது என்று மூன்று நிலைகளாகப் பிள்ளைகள் படிப்பது இதுவே. எண் 21-க்குப் பதில் 25 என்றால் விடை 5 மட்டும். 26 என்றால் மெய்யெண் விடை இல்லை. 10-ஐ எப்படி இரண்டாகப் பிரித்தாலும் பெருக்குத்தொகை 25-ஐத் தாண்டாது என்பதைப் பிள்ளையே பிரித்துப் பார்த்து அறியலாம்.

பாகப்பிரிவினையில் முகாபலா

ஸூரத்துன் நிஸாவின் 11, 12, 176 ஆம் வசனங்கள் வாரிசுப் பங்குகளை நிர்ணயிக்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்தக் கணக்கு தேவை. நூலின் வஸிய்யத் பகுதியிலிருந்து ஒரு கணக்கு: ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வெளியார் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். ரொக்கம் 10 திர்ஹம். ஒரு மகன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டவன். அவனிடம் இப்போது திருப்பித் தர ஒன்றுமில்லை என்று வைத்துக் கணக்கு செல்கிறது.

கடனில் அவனுடைய பங்காகக் கழியும் அளவு ப என்க. சொத்து 10 + ப. அதில் வெளியாருக்கு மூன்றில் ஒன்று, மீதியை இரு மகன்களும் சமமாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒன்று. கடன்பட்டவனின் பங்கே ப. ஆகவே 10 + ப = 3ப. இரு பக்கமும் ப நீக்கினால், இது முகாபலா, 10 = 2ப. ப = 5. ரொக்கத்தில் வெளியாருக்கு 5, மற்ற மகனுக்கு 5. கடன்பட்டவனின் 5 கடனில் கழிகிறது.

இது இருபடிச் சமன்பாடு அன்று. ஆனாலும் ஜப்ர் எதற்காகப் பிறந்தது என்பதைக் காட்டுகிறது. ஒரு பக்கம் கூட்டியதை மறுபக்கம் கூட்ட மறந்தால், தேர்வில் மதிப்பெண் போகும். பாகப்பிரிவினையில் ஒருவரின் ஹக்கு போகும். (உங்கள் குடும்பச் சொத்துப் பங்கீட்டை இந்த உதாரணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உலமாக்களிடம் முழு விவரம் சொல்லிக் கேளுங்கள்.)

நம் பெருமையின் சரியான அளவு

இருபடிக் கணக்குகளை முதன்முதலில் செய்தவர் அல்குவாரிஸ்மீ அல்லர். பழைய பாபிலோனியர் களிமண் பலகைகளில் இவை இருக்கின்றன. நம் நாட்டில் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய நூலில் இருபடிச் சமன்பாட்டுக்கு விதி தந்தார். குறை எண்களுக்கும் பூஜ்ஜியத்துக்கும் விதிகள் வகுத்தார். இந்திய எண் முறையைப் பற்றி அல்குவாரிஸ்மீ தனி நூலே எழுதினார். அதன் லத்தீன் வடிவம்தான் இன்று எஞ்சியுள்ளது. அவருடைய பெயர் லத்தீனில் மருவியதே 'அல்காரிதம்' என்ற சொல். நல்லதை எங்கிருந்தாலும் கற்று, தெளிவாக்கி, நிரூபணத்தோடு அடுத்தவருக்குத் தந்தார் என்பதே அவருடைய சிறப்பு.

ஜப்ர் நூலை 1145-இல் ஸ்பெயினில் ராபர்ட் ஆஃப் செஸ்டர் லத்தீனுக்கு மாற்றினார். இங்கும் பரிமாற்றம் நின்றுவிடவில்லை. பாஸ்கரரின் 'பீஜகணிதம்' ஷாஜஹான் காலத்தில் அதாவுல்லாஹ் ருஷ்தீ என்பவரால் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டது. தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் பஹாவுத்தீன் ஆமிலீயின் 'குலாஸதுல் ஹிஸாப்' இடம்பெற்றிருந்தது. அதில் ஜப்ர் வல்முகாபலாவுக்கென ஓர் அத்தியாயம் உண்டு. அதாவது, ஆலிமாகப் படித்தவர் இந்தக் கணக்கையும் படித்தார். 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியை எழுப்பிய நம் தோல் வணிக முன்னோர்களும் தீனையும் இந்தக் கல்வியையும் எதிரிகளாகப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் தவறும் இடங்கள்

முதலாவது, குறி. −20ப-வை நீக்க 20ப கூட்டுகிறோம் என்று எழுதாமல், மனதிலேயே 'தள்ளி' எழுதுவது.

இரண்டாவது, ப-வால் வகுத்துவிடுவது. ப² = 5ப என்றால் உடனே ப = 5 என்று எழுதுவார்கள். அல்குவாரிஸ்மீயும் 5 என்றே தருகிறார். அவர் பூஜ்ஜியத்தை விடையாகக் கொள்ளவில்லை. நம் தேர்வில் ப² − 5ப = 0, ப(ப − 5) = 0 என்று எழுதி 0, 5 இரண்டையும் தர வேண்டும்.

மூன்றாவது, ப²-க்கு முன் 2, 3 போன்ற எண் இருக்கும்போது அதால் முழுவதையும் வகுக்காமல் வர்க்கப் பூர்த்தி செய்வது. முதலில் ஒரே ஒரு ப² ஆக்க வேண்டும். அல்குவாரிஸ்மீயின் விதியும் அதுவே.

நான்காவது, வந்த விடையைக் கேள்வியில் இட்டுப் பார்க்காமல் எழுந்துவிடுவது. இதற்கு அரை நிமிடம் போதும்.

மக்தப் முடிந்து வரும் பிள்ளையிடம் ஒரு நாளைக்கு ஒரு சமன்பாடு போதும். காரணிப்படுத்தியும் வர்க்கப் பூர்த்தி செய்தும் சூத்திரத்தாலும் மூன்று முறையில் செய்யச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே விடை வந்தால், சரிபார்க்க ஆசிரியர் தேவையில்லை. கணக்குத் தெரியாத உம்மா, வாப்பாவும் அருகில் அமர்ந்து, 'இந்த வரியில் இரு பக்கமும் என்ன செய்தாய்?' என்று கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது. பதில் தடுமாறினால், எங்கே சறுக்குகிறது என்று நாளை பள்ளியில் ஆசிரியரிடம் கேட்க அந்த ஒரு வரி கையில் இருக்கும். ஒருமுறை தவறிவிட்ட பிள்ளையானால், வேலைக்கு அனுப்பும் முன் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! அவர்களின் குறைகளையும் நம் குறைகளையும் சீர்செய்வானாக! ஆமீன்.